வெட்டப்படாத ரிப்கே1: 324ஆவது அமினோ அமிலத்தில் தொடங்கும் காய்ச்சல்

நிகழ்வு

குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் காய்ச்சல். சில நாள்கள் அடித்துவிட்டுத் தானாகத் தணியும்; சில வாரங்களில் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் நிணநீர் முடிச்சுகள் பெரிதாக வீங்கும். சிலருக்குக் கல்லீரலும் மண்ணீரலும் பெருத்திருக்கும். ரத்தத்தில் அழற்சிக் குறியீடுகள் எகிறிக் கிடக்கும், ஆனால் கிருமி எதுவும் வளராது. ஆன்டிபயாட்டிக்கால் பயன் இல்லை. ஒரே குடும்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவருக்கு இதே கதை. அறியப்பட்ட அழற்சி மரபணுக்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்றிலும் பிழை இருக்காது.

2020இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே இந்தக் குடும்பங்களின் மரபணுத் தொகுதியைப் படித்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன: ரிப்கே1 என்ற கைனேஸ் நொதியின் (புரோட்டீன்களில் பாஸ்பேட் ஏற்றும் நொதி) 324ஆவது அமினோ அமிலம். அங்கே இருக்க வேண்டியது அஸ்பார்ட்டிக் அமிலம். ஒரு குடும்பத்தில் அது அஸ்பராஜினாகவும், வேறொன்றில் டைரோசினாகவும், சிலவற்றில் ஹிஸ்டிடினாகவும், இன்னொன்றில் வாலினாகவும் மாறியிருந்தது. இரண்டு மரபணுப் பிரதிகளில் ஒன்று மாறினாலே நோய். ‘வெட்டுப்படாத ரிப்கே1 தூண்டும் தன்னழற்சி நோய்க்குறி’ என்று பெயரிடப்பட்ட இதைச் சுருக்கமாகக் ‘கிரியா’ என்கிறார்கள்.

நோயாளிகள் மிகச் சிலர்தான். ஆனால் திட்டமிட்ட செல் இறப்பைச் சமிக்ஞை நொதிகள் எப்படி ஆள்கின்றன என்ற கேள்விக்கு இதைவிடச் சுத்தமான சான்று கிடைப்பது கடினம். புரோட்டீன் காணாமல் போகவில்லை, கைனேஸ் வேலை கெடவில்லை. ஒரே ஒரு வெட்டு மட்டும் விழாமல் போகிறது.

324ஆவது இடம் ஏன்

மனித ரிப்கே1 671 அமினோ அமிலங்கள் கொண்டது. முன்பகுதியில், ஏறக்குறைய 300 வரை, கைனேஸ் பகுதி. நடுவில் நீண்ட இணைப்புப் பகுதி. யுபிக்விட்டின் என்ற சிறு அடையாளப் புரோட்டீன் ஏறும் 377ஆவது லைசினும், உறவுக் கைனேஸான ரிப்கே3-ஐப் பிடிக்கும் ‘ரிம்’ என்ற சிறு வரிசையும் இதில்தான் இருக்கின்றன. கடைசியில் இறப்புப் பகுதி. டிஎன்எஃப் என்ற அழற்சிச் சமிக்ஞைப் புரோட்டீனின் ஏற்பியோடும் எஃப்ஏடிடி என்ற இணைப்புப் புரோட்டீனோடும் கைகோப்பது இந்தப் பகுதி.

324 என்பது கைனேஸ் பகுதி முடிந்த உடனே வரும் இடம். அங்கே லியூசின், குளுட்டமின், லியூசின், அஸ்பார்ட்டிக் அமிலம் என்ற வரிசை இருக்கிறது. காஸ்பேஸ் நொதிகள் அஸ்பார்ட்டிக் அமிலத்துக்குப் பின்னால் வெட்டுபவை. காஸ்பேஸ்-8 இந்த நான்கையும் அடையாளம் கண்டு நான்காவதன் பின்னே வெட்டுகிறது. வெட்டியதும் கைனேஸ் ஒரு துண்டாகவும், ரிம்மும் இறப்புப் பகுதியும் இன்னொரு துண்டாகவும் பிரிந்துவிடும். ஒட்டவைக்கும் பகுதியிடமிருந்து பாஸ்பேட் ஏற்றும் பகுதி விலகிப்போனால், செல்லைக் கொல்லும் புரோட்டீன் திரளான சாவுக்கூட்டை அந்த மூலக்கூறால் இனி வளர்க்க முடியாது.

அஸ்பார்ட்டிக் அமிலத்துக்கும் அஸ்பராஜினுக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது: ஓர் ஹைட்ராக்சில் இருக்கும் இடத்தில் ஓர் அமினோ தொகுதி. நிறையில் ஒரு டால்டன்கூட முழுதாக மாறாது. ஆனால் எதிர்மின் சுமை போய்விடும். காஸ்பேஸின் பிடிகுழி தேடுவது அந்தச் சுமையைத்தான். மரபுக் குறியீட்டைப் பார்த்தாலும் ஒரு விஷயம் தெரியும். அஸ்பார்ட்டிக் அமிலத்தின் குறியீடு ஜிஏடி அல்லது ஜிஏசி. முதல் எழுத்து ஏ ஆனால் அஸ்பராஜின், சி ஆனால் ஹிஸ்டிடின், டி ஆனால் டைரோசின். முதல் எழுத்தில் நிகழக்கூடிய மூன்று மாற்றங்களும் நோயாளிகளிடம் கிடைத்துவிட்டன. இரண்டாம் எழுத்து டி ஆனால் வாலின், அதுவும் கிடைத்தது. எது வந்து உட்கார்ந்தது என்பது பொருட்டல்ல, அஸ்பார்ட்டிக் அமிலம் போனதே நோய்க்குக் காரணம் என்பதற்கு இந்தப் பட்டியலே போதுமான சாட்சி.

டிஎன்எஃப் வந்து சேர்ந்த முதல் ஒரு மணி நேரம்

டிஎன்எஃப் தன் முதல் ஏற்பியில் ஒட்டியதும் சில நிமிடங்களுக்குள் செல்சவ்வின் உட்புறத்தில் முதல் கூட்டமைப்பு உருவாகிறது. ரிப்கே1 அங்கே வருகிறது. சிஐஏபி1, சிஐஏபி2 என்ற நொதிகள் அதன்மேல், யுபிக்விட்டினின் 63ஆவது லைசின் வழியாகக் கோக்கப்படும் சங்கிலி ஏற்றுகின்றன. அதைத் தொடர்ந்து லூபாக் என்ற கூட்டு நொதி நேர்கோட்டுச் சங்கிலி சேர்க்கிறது. இந்தச் சங்கிலிகளில் டாக்1, ஐகேகே ஆகிய கைனேஸ்கள் வந்து அமர்கின்றன. ஐகேகே வழியாக, மரபணுக்களை இயக்கும் புரோட்டீனான என்எஃப்-கப்பா-பி விழித்து உயிர்காக்கும் மரபணுக்களை எழுப்புகிறது. அவற்றில் முக்கியமான ஒன்று, காஸ்பேஸ்-8-ஐக் கட்டுப்படுத்தும் சி-ஃபிலிப்.

பலரும் இங்கே நின்றுவிடுவார்கள்: என்எஃப்-கப்பா-பி வந்தால் உயிர், வராவிட்டால் சாவு என்று. அது பாதிதான். புது மரபணு வெளிப்பாடு எதுவும் தேவைப்படாத, அதைவிட வேகமான இன்னொரு காவல் இருக்கிறது. முதல் கூட்டமைப்பில் அமர்ந்த கைனேஸ்களும் அங்கிருந்து தூண்டப்படும் கைனேஸ்களும் ரிப்கே1-இன்மேல் நேரடியாகப் பாஸ்பேட் வைத்து அதை அடக்குகின்றன. ஐகேகே 25ஆவது செரினிலும், எம்கே2 320ஆவது செரினிலும், டிபிகே1 189ஆவது த்ரியோனினிலும் பாஸ்பேட் ஏற்றுகின்றன. இந்தப் பூட்டுகள் இருக்கும்வரை ரிப்கே1 தன்னைத்தானே தூண்டிக்கொள்ள முடியாது. டாக்1-ஐயோ ஐகேகே-யையோ மருந்தால் தடுத்தால் டிஎன்எஃப் தனியாகவே பல செல்களைக் கொல்வது இதனால்தான்.

பூட்டு கழன்றால் என்ன ஆகும்? ரிப்கே1 மூலக்கூறுகள் ஒன்றையொன்று பாஸ்பேட் ஏற்றுகின்றன. 166ஆவது செரினில் விழும் பாஸ்பேட் இந்த விழிப்பின் அடையாளம். சவ்விலிருந்து கழன்று செல்சாற்றுக்குள் வந்து, எஃப்ஏடிடி, காஸ்பேஸ்-8 ஆகியவற்றோடு இரண்டாம் கூட்டமைப்பைக் கட்டுகிறது. இங்கே வழி பிரிகிறது. காஸ்பேஸ்-8 தன் சக மூலக்கூறோடு இணைந்து முழு வீச்சில் செயல்பட்டால் காஸ்பேஸ்-3 வெட்டப்பட்டு, செல் தன் உள்ளடக்கத்தைக் கொட்டாமல் ஒடுங்கிச் சாகும் அபோப்டோசிஸ் நடக்கும். காஸ்பேஸ்-8 தடுக்கப்பட்டால் ரிப்கே1-இன் ரிம் ரிப்கே3-இன் ரிம்மோடு அடுக்கடுக்காக ஒட்டி அமிலாய்டு இழையாக நீளும். ரிப்கே3-இன் 227ஆவது செரினில் பாஸ்பேட் ஏறும். அது எம்எல்கேஎல் புரோட்டீனின் 357ஆவது த்ரியோனினிலும் 358ஆவது செரினிலும் பாஸ்பேட் வைக்கும். எம்எல்கேஎல் திரண்டு சவ்வுக்குப் போய் அதைக் கிழிக்கும். இதுதான் நெக்ரோப்டோசிஸ். செல்லின் உள்ளடக்கம் வெளியே கொட்டுவதால் அழற்சி பற்றிக்கொள்ளும்.

இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் மூன்றாவது நிலை ஒன்று உண்டு. காஸ்பேஸ்-8 தன் சகாவோடு சேராமல் சி-ஃபிலிப்புடன் ஜோடி சேர்ந்தால் அதன் வெட்டும் திறன் குறுகிவிடும். காஸ்பேஸ்-3-ஐ விழிக்கவைக்கும் அளவுக்கு வீச்சு இல்லை. ஆனால் அருகில் இருக்கும் ரிப்கே1, ரிப்கே3, யுபிக்விட்டின் சங்கிலியை அறுக்கும் சைல்டி ஆகியவற்றை வெட்டப் போதும். அந்த வெட்டால் செல் சாகாது, பிழைக்கும். கிரியா நோயாளிகளிடம் பழுதாகிப்போனது இந்த மூன்றாவது நிலையின் ஒரு பாகம்.

எதிர்பார்த்ததும் எலி காட்டியதும்

324இல் விழும் வெட்டு 1999இலேயே கண்டறியப்பட்டது. அப்போது அதைப் புரிந்துகொண்ட விதம் நேர் எதிரானது: ரிப்கே1 வெட்டப்பட்டால் என்எஃப்-கப்பா-பி சமிக்ஞை அறுந்துபோகிறது, எனவே அந்த வெட்டு சாவை விரைவுபடுத்துகிறது. காஸ்பேஸ் என்றாலே கொலைகாரன் என்ற பார்வை அப்போது ஓங்கியிருந்தது. செல்லில் நிறைய ரிப்கே1 ஏற்றி, வெட்டப்பட்ட துண்டையும் மிகையாக வெளிப்படுத்திப் பார்த்தால் அந்த முடிவு பொருந்தியும் வரும். நடந்தது தவறான சோதனை அல்ல. சோதனைக்குழாயில் உண்மையான ஒன்று உடலில் முதன்மையானதாக இல்லை, அவ்வளவே.

பிறகு நெக்ரோப்டோசிஸ் பாதை தெளிந்தது. 2005இல் அந்தப் பெயர் வந்தது. 2008இல், நெக்ரோப்டோசிஸை நிறுத்தும் நெக்ரோஸ்டாட்டின்-1 என்ற மருந்து தடுப்பது ரிப்கே1-ஐ என்று தெரிந்தது. 2009இல் ரிப்கே3, 2012இல் எம்எல்கேஎல். காஸ்பேஸ்-8 இல்லாத எலிக்கரு நடுக்கர்ப்பத்தில் இறப்பதும், ரிப்கே3-ஐயும் சேர்த்து நீக்கினால் பிழைப்பதும் 2011இல் காட்டப்பட்டது. அதன்பின் எதிர்பார்ப்பு மாறியது: 324 வெட்டு நெக்ரோப்டோசிஸுக்கு எதிரான பூட்டு, அது இல்லாவிட்டால் நெக்ரோப்டோசிஸ் மிகும்.

எலி இதையும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. மனித 324க்கு எலியில் சமமான இடம் 325. அந்த அஸ்பார்ட்டிக் அமிலத்தை அலனினாக மாற்றிய எலிகளில், இரண்டு பிரதிகளும் மாறியிருந்தால் கரு நடுக்கர்ப்பத்தில் இறந்தது. நெக்ரோப்டோசிஸ்தான் காரணம் என்றால் எம்எல்கேஎல்-ஐ நீக்கியதும் கரு பிழைத்திருக்க வேண்டும். பிழைக்கவில்லை. ரிப்கே3-ஐ மட்டும் நீக்கியும் பிழைக்கவில்லை. காஸ்பேஸ்-8, ரிப்கே3 இரண்டையும் நீக்கியபோது பிழைத்தது. எம்எல்கேஎல்-உடன் எஃப்ஏடிடி-யையும் நீக்கியபோதும் பிழைத்தது. டிஎன்எஃப் ஏற்பியை நீக்கினாலும் பிழைத்தது. ரிப்கே1-இன் கைனேஸ் வேலையை மட்டும் நிறுத்தினாலும் கருச்சாவு தவிர்ந்தது. மஞ்சள்கருப் பையின் சிதைந்த ரத்தக்குழாய்களில், வெட்டப்பட்ட காஸ்பேஸ்-3 நிறைந்த உட்படலச் செல்கள் செத்துக் கிடந்தன.

ஆக, வெட்டுப்படாத ரிப்கே1 இரண்டு வழிகளிலும் கொல்கிறது. கருவைப் பொறுத்தவரை முந்திக்கொண்டது அபோப்டோசிஸ். காஸ்பேஸ்-8 தான் சேர்ந்திருக்கும் கூட்டமைப்பையே வெட்டிக் கலைத்துக்கொள்கிறது. அப்படிக் கலைக்காவிட்டால் அதே கூட்டமைப்பு மேலும் மேலும் காஸ்பேஸ்-8-ஐ இழுத்து முழு வீச்சுக்குக் கொண்டுபோய்விடும். இந்த நிகழ்வில் நமக்குக் கிடைக்கும் மிகப் பயனுள்ள பாடம் இதுதான் என்று கருதுகிறோம்: ஒரே நொதியின் ஒரே வெட்டு, தானே தொடங்கிவைக்கும் சாவுக்கும் தடை, தான் இல்லாதபோது வரும் சாவுக்கும் தடை.

ரிப்கே1-இல் செய்யப்பட்ட மூன்று மாற்றங்களை அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. புரோட்டீனே இல்லாத எலி பிறந்த சிறிது காலத்தில் பரவலான அழற்சியால் இறக்கிறது. கைனேஸ் வேலை மட்டும் செத்த எலி பிறந்து, வளர்ந்து, இயல்பாக இருக்கிறது. வெட்டு மட்டும் விழாத எலி கருவிலேயே இறக்கிறது. முதலாவது, ரிப்கே1 ஒரு தாங்கு சட்டமாக உயிர் காப்பதைக் காட்டுகிறது. இரண்டாவது, அதன் கைனேஸ் வேலை அன்றாட வாழ்வுக்குத் தேவையில்லை என்கிறது. மூன்றாவது, சட்டத்தோடு இணைந்த கைனேஸை உரிய நேரத்தில் பிரிக்காவிட்டால் என்ன விலை என்பதைச் சொல்கிறது. மனிதரிடமும் இதே பிளவு தெரிகிறது. ரிப்கே1 இரு பிரதிகளிலும் இல்லாத குழந்தைகளை 2018இலும் 2019இலும் விவரித்தார்கள். அவர்களுக்குத் தொடர் தொற்றுகள், சிறுவயதுக் குடல் அழற்சி, மூட்டழற்சி. கிரியா நோயாளிகளுக்கோ திரும்பத் திரும்பக் காய்ச்சலும் நிணநீர் முடிச்சு வீக்கமும்தான். நோய் எதிர்ப்புக் குறைபாடு இந்த நோயின் முகம் அல்ல. ஒரே மரபணு என்பதற்காக இரண்டையும் ஒரே நோயின் இரு தீவிரங்களாக எண்ணக் கூடாது.

ஒரு பிரதி கெட்டாலே ஏன் நோய்? ரிப்கே1 தனித்து வேலை செய்வதில்லை. இறப்புப் பகுதி வழியாகவும் ரிம் வழியாகவும் பல மூலக்கூறுகள் திரள்கின்றன. பாதி மூலக்கூறுகள் வெட்டுப்பட்டு விலகினாலும் வெட்டுப்படாத மீதிப் பாதி திரளைப் பிடித்து நிறுத்தும். ஒரு பிரதி மட்டும் மாறிய எலி பார்வைக்கு நலமாக இருக்கிறது. ஆனால் டிஎன்எஃப் முதலிய அழற்சித் தூண்டலுக்கு மிகையாக எதிர்வினை காட்டுகிறது. நோயாளியின் நிலைமைக்கு நெருக்கமானது இந்த எலிதான், இரு பிரதியும் மாறியது அல்ல.

ஆய்வகத்தில் உறுதிசெய்யும் முறை

மரபணு வரிசையில் 324இல் மாற்றம் தெரிந்தால் விளக்கம் எளிது. 320களில் வேறெங்காவது, அறியப்படாத ஒரு மாற்றம் வந்தால்தான் சிக்கல். அப்போது வெட்டு விழுகிறதா என்று நேரடியாகப் பார்க்க வேண்டும்.

முதல் படி, எச்இகே293டி என்ற மனிதச் சிறுநீரகச் செல்களில் இயல்பு ரிப்கே1, சந்தேகத்துக்குரிய மாற்றம், 324-அலனின் மாற்றம் ஆகிய மூன்றையும் தனித்தனியே காஸ்பேஸ்-8-உடன் சேர்த்து வெளிப்படுத்துவது. 16 முதல் 24 மணி நேரத்தில் செல்களை எடுத்து, புரோட்டீன்களை அளவுப்படி பிரித்து ஆன்டிபாடியால் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் செய்தால், ஏறக்குறைய 75 கிலோடால்டனில் முழு ரிப்கே1-உம், அதில் பாதி அளவில் துண்டும் தெரியும். அலனின் மாற்றத்தில் துண்டு வரக் கூடாது; வந்தால் காஸ்பேஸ்-8 மரபணுவை ஏற்றும் டிஎன்ஏ வளையத்தின் (பிளாஸ்மிட்) அளவு மிகையாகி வேறு இடங்களிலும் வெட்டு விழுகிறது என்று பொருள், அளவைக் குறைக்க வேண்டும். ரிப்கே1-ஐ மிகையாக ஏற்றினாலே செல்கள் சாகத் தொடங்கும் என்பதையும் மனதில் கொள்ள வேண்டும். இந்தச் செல்களில் ரிப்கே3 இல்லாததால் வெட்டைச் சோதிக்கலாம், நெக்ரோப்டோசிஸைச் சோதிக்க முடியாது. ஹீலா செல்களுக்கும் இதே குறை. ‘இந்த மாற்றம் நெக்ரோப்டோசிஸைத் தூண்டவில்லை’ என்று ஹீலாவை வைத்து எழுதினால் அதற்குப் பொருளே இல்லை.

ஆன்டிபாடி எந்தப் பகுதியைப் பிடிக்கிறது என்று பார்க்காமல் பிளாட்டைப் படிக்கக் கூடாது. பின்பகுதியைப் பிடிக்கும் ஆன்டிபாடி கைனேஸ் துண்டைக் காட்டாது. நோயாளியின் செல்லில் ஒரு பிரதி இயல்பானது. அதனால் துண்டு முற்றிலும் மறையாது, குறையும். முழுதாக மறையவில்லை என்பதை வைத்து மாற்றத்தைத் தீங்கற்றது என்று தள்ளிவிடுவது அடிக்கடி நிகழக்கூடிய பிழை.

இரண்டாம் படி, சாவின் வகையைப் பிரிப்பது. மனிதச் செல்களில் இதற்குப் பழக்கப்பட்டது எச்டி-29 குடல் புற்றுச் செல். டிஎன்எஃப் 20 நானோகிராம்/மி.லி., சிஐஏபி-யை அழிக்கும் ஸ்மாக் போலி மருந்து 100 நானோமோலார், காஸ்பேஸ்களைத் தடுக்கும் இசட்வாட் 20 மைக்ரோமோலார். இசட்வாடையும் மற்ற தடுப்பான்களையும் டிஎன்எஃப்புக்கு அரை மணி நேரம் முன்பே சேர்க்க வேண்டும். கரைப்பான் டிஎம்எஸ்ஓ எல்லாக் குழிகளிலும் ஒரே அளவில், 0.1 சதவீதத்தைச் சுற்றி இருப்பது நல்லது. மூன்று நான்கு மருந்துகளைச் சேர்க்கும் குழியில் மட்டும் டிஎம்எஸ்ஓ கூடிப்போவதைப் பலர் கவனிப்பதில்லை.

டிஎன்எஃப் மட்டும்: செல்கள் பெரும்பாலும் பிழைக்கும். டிஎன்எஃப்புடன் ஸ்மாக் போலி: சிஐஏபி அழிந்து, ரிப்கே1 கைனேஸைச் சார்ந்த அபோப்டோசிஸ். இசட்வாடும் சேர்த்தால்: நெக்ரோப்டோசிஸ். நெக்ரோஸ்டாட்டின்-1எஸ் 10 முதல் 20 மைக்ரோமோலார் இவ்விரண்டையும் தடுக்கும். ஆகவே நெக்ரோஸ்டாட்டின் காப்பாற்றியது என்பதால் அது நெக்ரோப்டோசிஸ் என்று முடிவு கட்ட முடியாது. ரிப்கே1 கைனேஸ் தேவைப்பட்டது என்பது மட்டுமே அதிலிருந்து தெரிகிறது. இந்த ஒரு தவறால் வீணான பிளாட்டுகள் ஏராளம். மாறாக, ஸ்மாக் போலிக்குப் பதில், புரோட்டீன் உற்பத்தியை நிறுத்தும் சைக்ளோஹெக்சிமைடைச் சேர்த்தால் சி-ஃபிலிப் தீர்ந்துபோய் அபோப்டோசிஸ் வரும். அதை நெக்ரோஸ்டாட்டினால் நிறுத்த முடியாது, ஏனெனில் அங்கே ரிப்கே1-இன் கைனேஸ் வேலைக்கு இடமே இல்லை. 324 மாற்றத்தின் விளைவைத் தேடுபவர் சைக்ளோஹெக்சிமைடை மட்டும் வைத்துச் சோதித்தால் வேறுபாட்டைத் தவறவிட வாய்ப்பு அதிகம்.

பழைய நெக்ரோஸ்டாட்டின்-1, ஐடிஓ என்ற வேறொரு நொதியையும் தடுக்கும். அதனால் ‘1எஸ்’ வடிவமே வேண்டும். ரிப்கே3 தடுப்பான் ஜிஎஸ்கே872-ஐ 1 மைக்ரோமோலாரில் தொடங்கி மெதுவாக ஏற்ற வேண்டும். அளவு கூடினால் ரிப்கே3-இன் வடிவம் மாறி, அதுவே ரிப்கே1-ஐயும் காஸ்பேஸ்-8-ஐயும் இழுத்து அபோப்டோசிஸைக் கிளப்பும்; தடுக்க வந்த மருந்து கொல்லும். எம்எல்கேஎல்-ஐத் தடுக்கும் நெக்ரோசல்ஃபோனமைடு மனிதப் புரோட்டீனின் 86ஆவது சிஸ்டீனைப் பற்றுகிறது. எலியில் அந்தச் சிஸ்டீன் இல்லை, எலிச் செல்லில் அது வேலை செய்யாது. டிஎன்எஃப்பிலும் இனம் பார்க்க வேண்டும்: மனித டிஎன்எஃப் எலியின் முதல் ஏற்பியைத் தூண்டும், இரண்டாம் ஏற்பியைத் தூண்டாது. இசட்வாடும் காஸ்பேஸோடு நிற்பதில்லை, கால்பெயின், கத்தெப்சின் நொதிகளையும் தொடும். வேறொரு காஸ்பேஸ் தடுப்பானான எம்ரிகாசானை வைத்து ஒருமுறை சரிபார்ப்பது பாதுகாப்பு.

சாவை அளக்க, சவ்வின் வெளிப்புறம் வரும் பாஸ்ஃபாட்டிடில்செரின் என்ற கொழுப்பைப் பற்றும் அனெக்சின்-5 மட்டும் போதாது. நெக்ரோப்டோசிஸிலும் சவ்வு கிழியும் முன்பே பாஸ்ஃபாட்டிடில்செரின் வெளிப்புறம் வருகிறது; கிழிந்த இடங்களைச் செல் சிறு குமிழ்களாக உதிர்த்துச் சிறிது நேரம் தாக்குப்பிடிக்கிறது. சவ்வு கிழிந்த செல்லில் மட்டும் புகும் சாயங்களான புரோப்பிடியம் அயோடைடு அல்லது சைடாக்ஸ் பச்சையை ஊடகத்திலேயே சேர்த்து, 24 மணி நேரம் தொடர்ந்து படம் எடுப்பது நம்பகமானது. கூடவே புரோட்டீன் அடையாளங்கள் வேண்டும்: வெட்டப்பட்ட காஸ்பேஸ்-3 17, 19 கிலோடால்டனில், பார்ப்-1 116இலிருந்து 89க்கு இறங்குவது, 166ஆவது செரின் பாஸ்பேட் ஏறிய ரிப்கே1, 358ஆவது செரின் பாஸ்பேட் ஏறிய எம்எல்கேஎல். நேரத்தைத் தவறவிட்டால் இவை ஒன்றும் தெரியாது. முதல் கூட்டமைப்பைப் பார்க்க 5, 15, 30 நிமிடங்கள். சாவுக்கூட்டைப் பார்க்க 2 முதல் 6 மணி நேரம். 24 மணி நேரத்தில் எடுத்த மாதிரியில் செல்லே இருக்காது, புரோட்டீன் ஊடகத்தில் கரைந்திருக்கும்.

இன்னொரு பிரச்சினை, செல்லை உடைக்கும் கரைசல். வழக்கமான 1 சதவீத ட்ரைட்டான் கரைசலில் செல்லை உடைத்துச் சுழற்றினால், சாவுக்கூட்டில் சேர்ந்த ரிப்கே1-உம் ரிப்கே3-உம் வண்டலோடு போய்விடும், ஏனெனில் அமிலாய்டு இழை கரையாது. மேல்தெளிவை மட்டும் ஓட்டுபவர், ‘ரிப்கே1 குறைந்துவிட்டது, எனவே சிதைக்கப்பட்டது’ என்று எழுதுவார். வண்டலை 6 முதல் 8 மோலார் யூரியாவில் கரைத்து அதையும் ஓட்டினால் புரோட்டீன் அங்கே காத்திருப்பது தெரியும். யுபிக்விட்டின் சங்கிலிகளைப் பார்ப்பதாக இருந்தால் கரைசலில் என்-எத்தில்மாலியிமைடு 10 முதல் 20 மில்லிமோலார் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் உடைத்த சில நிமிடங்களிலேயே நொதிகள் சங்கிலியைத் தின்றுவிடும். அதே கரைசலில் ஒடுக்கும் பொருளான டிடிடி இருக்கக் கூடாது, அது மாலியிமைடைச் செயலிழக்கச் செய்யும். எம்எல்கேஎல் திரள்வதைப் பார்க்கும் ஜெல்லிலும் ஒடுக்கும் பொருள் சேர்க்காமல் ஓட்ட வேண்டும்.

பாஸ்பேட் ஆன்டிபாடிகளுக்கு இரண்டு கட்டுப்பாடுகள் இன்றியமையாதவை. நெக்ரோஸ்டாட்டின்-1எஸ் இட்ட மாதிரியில் 166ஆவது செரின் பட்டை மறைய வேண்டும்; பாஸ்பேட்டை நீக்கும் லாம்டா பாஸ்ஃபட்டேஸ் இட்ட மாதிரியிலும் மறைய வேண்டும். மறையாத பட்டை வேறெதோ புரோட்டீன். அந்தப் பட்டை இருப்பதால் மட்டும் செல் சாகும் என்றும் பொருள் இல்லை. கைனேஸ் விழித்திருக்கிறது, அவ்வளவே.

எந்தச் செல்லை எடுப்பது

நோயாளியின் ரத்த வெள்ளையணுக்களில் எதிர்பார்த்தது நடந்தது: ரிப்கே1-ஐச் சார்ந்த சாவுத் தூண்டலுக்கு அவை இயல்பானவற்றைவிட எளிதில் இறந்தன, இன்டர்லூக்கின்-6 முதலிய அழற்சிப் புரோட்டீன்களும் கூடுதலாக வந்தன. தோலிலிருந்து வளர்த்த நார்ச்செல்களில் நடந்தது வேறு. அவை சாவை எதிர்த்து நின்றன. காரணம் தேடியபோது அந்தச் செல்கள் ரிப்கே1-இன் அளவையே குறைத்துக்கொண்டதும், குளுட்டத்தயோன் போன்ற ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகளைக் கூட்டிக்கொண்டதும் தெரிந்தது. பிறழ்ந்த நொதியோடு நெடுங்காலம் வாழ்ந்த செல் தன்னைச் சரிக்கட்டிக்கொண்டிருக்கிறது.

மரபு நோய் ஆய்வில் நார்ச்செல்தான் எளிதில் கிடைப்பது. அதை மட்டும் வைத்து இந்த மாற்றத்தைச் சோதித்திருந்தால் ‘சாவைத் தடுக்கும் மாற்றம்’ என்ற தலைகீழான முடிவு வந்திருக்கும். ரிப்கே1-ஐச் சந்தேகிக்கும்போது முதல் மாதிரி ரத்தமாக இருக்கட்டும். அதுவும் காய்ச்சல் இல்லாத நாளில் ஒன்று, காய்ச்சல் நாளில் ஒன்று. நார்ச்செல்லைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் ரிப்கே1-இன் மொத்த அளவை முதலில் அளந்துவிட வேண்டும். மரபணு மாற்றத்தைச் செல்லில் புதிதாக ஏற்றுவதானால் டாக்சிசைக்ளினால் தூண்டக்கூடிய அமைப்பு நல்லது: தூண்டிய சில மணி நேரத்தில் சோதித்துவிட்டால் செல்லுக்குச் சரிக்கட்ட நேரம் கிடைக்காது.

சிகிச்சை பற்றி

இன்டர்லூக்கின்-6 ஏற்பியைத் தடுக்கும் டோசிலிசுமாப் பல கிரியா நோயாளிகளுக்குத் தெளிவான நிவாரணம் தந்தது. பாதை டிஎன்எஃப்பில் தொடங்குகிறது, மருந்தோ இன்டர்லூக்கின்-6-இல் வேலை செய்கிறது; இதில் முரண் இல்லை. ரிப்கே1-ஐ எழுப்ப டிஎன்எஃப் ஒன்றே வழி அல்ல. டோல் வகை ஏற்பிகள் 3, 4 ஆகியவையும் காஸ்பேஸ்-8 இருக்கும் அதே கூட்டுக்கு வந்து சேர்கின்றன. தூண்டுகோல் எதுவானாலும் கீழே வெளிவரும் அழற்சிப் புரோட்டீனைப் பிடிப்பது இந்த நோயில் பலிக்கிறது.

ரிப்கே1 கைனேஸைத் தடுக்கும் வாய்வழி மருந்துகள் இருக்கின்றன. அவற்றில் முன்னோடியான ஜிஎஸ்கே2982772 முடக்குவாதத்திலும் பெருங்குடல் புண் அழற்சியிலும் இரண்டாம் கட்டச் சோதனை வரை போய், போதிய பலன் காட்டவில்லை. அந்தத் தோல்வியைக் கிரியாவுக்கு அப்படியே பொருத்துவது சரியல்ல. பொதுவான அழற்சி நோய்களில் ரிப்கே1 பலவற்றில் ஒன்று. இங்கே அதுவே மூலம். ஆனால் எலி தரும் எச்சரிக்கையையும் ஒதுக்க முடியாது. இரு பிரதியும் மாறிய எலியில் கைனேஸ் வேலையை நிறுத்தியபோது கரு பிழைத்தது, குட்டி பிறந்தது. ஆனால் பால்குடி மறக்கும் முன்பே பல உறுப்பு அழற்சியால் இறந்தது, அந்த அழற்சிக்கு ரிப்கே3 தேவைப்பட்டது. வெட்டுப்படாத ரிப்கே1, கைனேஸ் வேலை செத்த பிறகும், தன் ரிம் வழியாக ரிப்கே3-ஐத் திரட்டும் சட்டமாக நிற்கக்கூடும் என்பதே இதற்கு மிகப் பொருத்தமான விளக்கம். கைனேஸ் தடுப்பானை இந்த நோயில் சோதிப்பவர் 166ஆவது செரின் அணைந்ததை மட்டும் வெற்றியின் அளவுகோலாக வைக்காமல், ரிப்கே3, எம்எல்கேஎல் இவற்றின் பாஸ்பேட்டையும் ரத்த இன்டர்லூக்கின்-6 அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும்.